பைக் ஓட்டியின் உரிமை எது? அமெரிக்காவில் அரை நூற்றாண்டாக நடக்கும் ஒரு வழக்கு

அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் ‘அபேட்’ என்ற பெயரில் பைக் ஓட்டிகளின் சங்கங்கள் இயங்குகின்றன. ஐந்து ஆங்கில எழுத்துகளால் ஆன அந்தப் பெயருக்கு 1970களின் தொடக்கத்தில் சொல்லப்பட்ட விரிவு, ‘சர்வாதிகாரச் சட்டங்களை எதிர்க்கும் சகோதரர் கூட்டம்’ என்பதாகும். இன்று அதே எழுத்துகளுக்குப் பல மாநிலங்களில் விழிப்புணர்வு, பயிற்சி, கல்வி ஆகிய சொற்களைக் கொண்டு புதிய விரிவு சொல்கிறார்கள். எழுத்துகளை அப்படியே வைத்துக்கொண்டு பொருளை மட்டும் மாற்றிக்கொண்ட இந்தச் செயலை வெறும் ஒப்பனை என்று தள்ளிவிடுபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ‘ஓட்டிகளின் உரிமை’ என்ற ஒரே பதாகையின் கீழ் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு கோரிக்கைகள் அங்கே தொடக்கத்திலிருந்தே சேர்ந்து நடந்து வந்திருக்கின்றன. ‘என் தலையை நான் என்ன செய்துகொள்கிறேன் என்பதில் அரசு தலையிடக் கூடாது’ என்பது ஒன்று. ‘சாலையில் என்னையும் ஒரு வண்டியாகக் கண்ணில் வை’ என்பது மற்றொன்று. முதலாவது பெரும் ஆரவாரத்துடன் வென்றது. அந்த வெற்றி பல உயிர்களைக் கொண்டுபோனது. உயிர்களைக் காக்கக்கூடிய இரண்டாவது கோரிக்கை பத்திரிகையின் மூலையில் சின்னச் செய்தியாக வந்து போகிறது.

கதை 1966-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நிறைவேற்றிய நெடுஞ்சாலைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஹெல்மெட் கட்டாயச் சட்டம் கொண்டுவராத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலைக் கட்டுமான நிதியில் 10 சதவீதம் வரை பிடித்தம் செய்ய மத்திய அரசுக்கு அதிகாரம் கிடைத்தது. சாலை விதிகள் அங்கே மாநிலங்களின் கையில் இருக்கின்றன. மத்திய அரசு நேரடியாக ஆணையிட முடியாத இடத்தில் பணப்பையின் வாயைச் சுருக்கிப் பிடிப்பது அங்கே பழகிய உத்தி. அது பலித்தது: 1975 வாக்கில் 50 மாநிலங்களில் 47-இல் ஹெல்மெட் சட்டம் நடப்பில் இருந்தது. ஆனால் மாநிலச் சட்டமன்றங்கள் இந்தச் சட்டங்களைத் தாமாக விரும்பி இயற்றவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மேலிருந்து வந்த நெருக்கடிக்காக இயற்றிய சட்டத்துக்கு உள்ளூரில் வேர் இருக்காது. பைக் ஓட்டிகள் பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான்.

நீதிமன்றங்களில் அவர்கள் முன்வைத்த வாதம் எளிதில் புறந்தள்ளக் கூடியதன்று. வேக வரம்பும் சிவப்பு விளக்கும் மற்றவரைக் காக்கின்றன. ஹெல்மெட் அணிபவரை மட்டுமே காக்கிறது. தனக்குத்தானே ஏற்கும் ஆபத்தைத் தடுக்க அரசுக்கு என்ன அதிகாரம் என்று கேட்டார்கள். மிச்சிகனின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1968-இலும் இல்லினாய் உச்ச நீதிமன்றம் 1969-இலும் இந்த வாதத்தை ஏற்று அந்தந்த மாநிலச் சட்டங்களைச் செல்லாதவையாக்கின. பெரும்பாலான நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. 1972-இல் மாசசூசெட்ஸ் வழக்கொன்றில் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் சொன்ன பதிலே பிற்பாடு மற்ற வழக்குகளுக்கும் அடித்தளம் ஆயிற்று. விழுந்தவரைச் சாலையிலிருந்து தூக்குவதும் சமூகம், பொது மருத்துவமனையில் சேர்த்துப் பொது மருத்துவர்களைக் கொண்டு பார்ப்பதும் சமூகம், வேலை போனால் படி கொடுப்பதும் நிரந்தரமாக முடங்கினால் அவருடைய குடும்பத்துக்குச் சோறு போடுவதும் சமூகம். ஆகவே காயத்தின் விளைவு காயம்பட்டவரோடு முடிந்துவிடுகிறது என்பதை ஏற்க முடியாது என்று அந்த நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் குறிப்பிடாமல் போக முடியவில்லை. இந்தியாவில் சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றத்தை அசைத்த வழக்கு ஓட்டிகளிடமிருந்து வரவில்லை. கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு முறிவு சிகிச்சை நிபுணர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கு அது. 2014-இல் நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு அதிலிருந்து பிறந்தது. இந்தியச் சாலைகளில் 2022-இல் இறந்த 1,68,491 பேரில் 74,897 பேர், அதாவது சுமார் 44 சதவீதம், இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். சாலையை நிறைத்திருப்பவர்கள் அவர்களாக இருந்தும், அவர்களுக்காக வழக்காட வந்தவர் அவர்களுடைய உடைந்த எலும்புகளைச் சேர்த்துவைத்துக்கொண்டிருந்த மருத்துவர். அமெரிக்காவில் பதிவான வண்டிகளில் பைக்கின் பங்கு சுமார் 3 சதவீதம்தான். அந்தச் சிறுபான்மைதான் நாடாளுமன்றத்தின் கதவைத் தட்டித் திறந்தது.

திறந்த ஆண்டு 1976. அபேட் போன்ற சங்கங்கள் மாநிலத் தலைநகரங்களுக்கும் வாஷிங்டனுக்கும் கூட்டங்கூட்டமாகப் பைக்கில் சென்றன. தாராளவாதியான கலிபோர்னியா செனட்டர் ஆலன் கிரான்ஸ்டனும் கடும் பழமைவாதியான வட கரோலினா செனட்டர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸும் ஒரே பக்கம் நின்றார்கள். வேறு எந்த விஷயத்திலும் சேராத இருவர் இதில் சேர்ந்ததற்குக் காரணம், இது தனிமனிதச் சுதந்திரமாகவும் மாநில உரிமையாகவும் ஒரே நேரத்தில் தோற்றம் தந்தது. 1976 மே மாதம் அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்ட நெடுஞ்சாலைச் சட்டம் நிதியைப் பிடித்தம் செய்யும் அந்த அதிகாரத்தை நீக்கியது. வேரில்லாத மரங்கள் சாய்ந்தன: 1980-க்குள் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்கள் தம் ஹெல்மெட் சட்டத்தை ரத்து செய்திருந்தன, அல்லது சிறுவர்களுக்கு மட்டும் என்று சுருக்கியிருந்தன. 1991-இல் காங்கிரஸ் மீண்டும் ஒரு முறை நிதியைக் காட்டி இழுத்துப் பார்த்தது. 1995-இல் அதையும் கைவிட்டது. இன்று எல்லா ஓட்டிகளுக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்ற சட்டம் 17 மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலும் மட்டுமே இருக்கிறது. இல்லினாய், அயோவா, நியூ ஹாம்ப்ஷயர் ஆகிய மூன்றில் எந்த வயதினருக்கும் ஹெல்மெட் சட்டம் என்பதே கிடையாது. ‘சுதந்திரமாக வாழ், இல்லையேல் செத்துப் போ’ என்பதை நம்பர் பிளேட்டிலேயே பொறித்துவைத்திருக்கும் மாநிலம் நியூ ஹாம்ப்ஷயர் என்பதை இந்த இடத்தில் சொன்னால் யாரும் கோபிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

விளைவை அறிய ஊகம் தேவையில்லை. மாநிலங்கள் சட்டத்தை மாற்றி மாற்றி எழுதியதால் அமெரிக்காவே ஒரு பரிசோதனைக் கூடமாகிவிட்டது. கலிபோர்னியா 1992 ஜனவரியில் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. 1991-இல் 523-ஆக இருந்த பைக் விபத்து மரணம் அடுத்த ஆண்டு 327-ஆகக் குறைந்தது. ஃபுளோரிடா எதிர்த்திசையில் சென்றது. 2000 ஜூலை முதல் 21 வயது நிரம்பி, 10,000 டாலருக்கு மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்கள் வெறுந்தலையுடன் ஓட்டலாம் என்று சட்டம் தளர்ந்தது. 1997 முதல் 1999 வரையிலான மூன்று ஆண்டுகளில் அங்கே 515 பேர் இறந்திருந்தார்கள். 2001 முதல் 2003 வரை 933 பேர். பைக் விற்பனை பெருகிய காலம் அது என்பது உண்மைதான், ஆனால் பதிவான வண்டிகளின் எண்ணிக்கைக்கு வகுத்துப் பார்த்த பிறகும் மரண விகிதம் உயர்ந்தே இருந்தது. அந்த 10,000 டாலர் நிபந்தனையைப் பற்றியும் ஒரு வார்த்தை: தலைக்காயத்துடன் மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்குச் செலவு அந்தத் தொகையைத் தாண்டியது. மாசசூசெட்ஸ் நீதிமன்றம் 1972-இல் சொன்ன பதிலுக்குச் சரிக்கட்டுவதற்காக வைத்த நிபந்தனை, கணக்கில் தேறவில்லை. இருந்தும் மிச்சிகன் 2012-இல் 20,000 டாலர் என்றும், மிசௌரி 2020-இல் 26 வயது என்றும் இதே பாதையில் சென்றன. நெப்ராஸ்கா 2024-இல் 21 வயது நிரம்பி, பயிற்சிச் சான்றிதழ் இருந்தால் போதும் என்று சேர்ந்துகொண்டது. ரத்து செய்துவிட்டுப் பின்னர் மனம் மாறியதில் குறிப்பிடத்தக்க மாநிலம் லூசியானா. 1999-இல் தளர்த்தியதை 2004-இல் திரும்பக் கொண்டுவந்தது.

இந்தக் கணக்குகளை வைத்துக்கொண்டு, இயக்கத்தையே உயிருக்கு எதிரி என்று எழுதி முடித்துவிடலாம். பல பத்திரிகைகள் அப்படித்தான் எழுதுகின்றன. அவர்களுடைய மற்ற கோரிக்கை என்ன என்று பார்ப்பதற்கு 1981-ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் அறிக்கையிடம் போக வேண்டும்.

தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் தலைமையில் ஆய்வாளர்கள் 1970களின் பிற்பகுதியில் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் பைக் விபத்து நடந்த இடங்களுக்கே நேரில் ஓடினார்கள். 900 விபத்துகளை அந்தந்த இடத்தில் அளந்தார்கள். மேலும் 3,600 காவல்துறை அறிக்கைகளைப் படித்தார்கள். பைக்காரர் என்றாலே தறிகெட்ட வேகம் என்ற பொது எண்ணத்தை அவர்கள் கண்டது கலைத்துவிட்டது. விபத்துக்குச் சற்று முன் பைக்கின் இடைநிலை வேகம் மணிக்கு சுமார் 48 கிலோமீட்டர், மோதும் கணத்தில் சுமார் 35. நான்கில் மூன்று விபத்துகள் இன்னொரு வண்டியுடன் மோதியவை. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கில் தவறு அந்த இன்னொரு வண்டியின் ஓட்டுநருடையது, பைக்குக்கு விட வேண்டிய வழியை அவர் விடவில்லை.

அது நடக்கும் விதத்தை மனத்தில் ஓட்டிப் பார்க்கலாம். வண்டிகள் சாலையின் வலப்புறம் ஓடும் நாடு அது. ஆகவே அங்கே எமன் நிற்கும் திருப்பம் இடப்பக்கத் திருப்பம், நம் ஊரில் வலப்பக்கம் திரும்புவதற்குச் சமம். திரும்புவதற்காக ஒரு கார் சந்திப்பின் நடுவில் காத்து நிற்கிறது. எதிரே ஒரு லாரி போகிறது, பின்னால் இரண்டு கார்கள் போகின்றன, அதற்கப்பால் ஒற்றை விளக்குடன் ஒரு பைக் வருகிறது. காரின் முன் கண்ணாடியை ஓரத்தில் தாங்கும் தூணின் அகலமே அந்த பைக்கை முழுதாக மறைக்கப் போதும். மறைக்காவிட்டாலும், சிறிய உருவத்தைத் தொலைவில் இருப்பதாகவும் மெல்ல வருவதாகவும் கணிப்பது மனிதக் கண்ணின் பழக்கம்; ஓட்டுநர் தேடுவதோ காரை, லாரியை. பாதை காலி என்று அவருடைய மனம் முடிவு செய்துவிடுகிறது, சக்கரம் திரும்புகிறது. பைக் ஓட்டிக்குக் கிடைப்பது இரண்டு நொடிக்கும் குறைவு. ‘பைக்கை நான் பார்க்கவே இல்லை’ என்று கார் ஓட்டுநர் சொல்வது பெரும்பாலும் பொய்யன்று. நேரே அந்தத் திசையில் பார்த்திருப்பார், பைக் மட்டும் மனத்தில் பதிந்திருக்காது. நாற்பதாண்டு கடந்தும் இந்தக் காட்சி மாறவில்லை. பைக்கும் வேறொரு வண்டியும் மோதி மரணம் நேரும் விபத்துகளில் நாற்பது சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில், நேராக வந்துகொண்டிருந்த பைக்கின் குறுக்கே மற்ற வண்டி இடப்பக்கம் திரும்பியிருக்கிறது.

மே மாதத்தை அமெரிக்கா முழுவதும் மோட்டார் சைக்கிள் பாதுகாப்பு விழிப்புணர்வு மாதமாகக் கடைப்பிடிப்பதன் பொருள் இதுதான். பனிக்காலம் முடிந்து, கொட்டகையில் போர்வைக்குள் கிடந்த பைக்குகள் ஒரே நேரத்தில் சாலைக்கு வரும் பருவம் அது. ஐந்தாறு மாதமாக பைக்கையே காணாத கார் ஓட்டுநர்களின் கண் அதற்குப் பழகியிருக்காது. அந்த மாதத்தின் பேச்சு பாதிக்கு மேல் கார் ஓட்டுநர்களை நோக்கியதாக இருப்பதற்குக் காரணம் ஹர்ட் அறிக்கை தந்த அந்த மூன்றில் இரண்டு. வழி விடாமல் பிறரைக் கொன்றாலும் சாதாரணப் போக்குவரத்துக் குற்றத்துக்குரிய சிறு அபராதத்தோடு போய்விடலாம் என்ற நிலை பல மாநிலங்களில் இருந்தது. விஸ்கான்சினில் சங்கத்தின் தொடர் முயற்சிக்குப் பிறகு, அப்படி மரணம் நேர்ந்தால் 1,000 டாலர் அபராதமும் ஒன்பது மாத உரிமம் நிறுத்தமும் என்று சட்டம் கடுமையாயிற்று. ஒரு உயிருக்கு ஒன்பது மாதம் போதுமா என்பது வேறு கேள்வி.

ஆனால் ஹர்ட் அறிக்கைக்கு இன்னொரு பாதியும் உண்டு. ஹெல்மெட் காதை அடைக்கிறது, பக்கவாட்டுப் பார்வையை மறைக்கிறது, அதனாலேயே விபத்து நேர்கிறது என்பது அன்றைய இயக்கத்தின் வாதங்களில் ஒன்று. அதற்கு ஆதாரமே கிடைக்கவில்லை என்றும், தலைக்காயத்தைத் தடுப்பதில் ஹெல்மெட்டுக்கு இணை வேறில்லை என்றும் அதே ஆய்வாளர்கள் எழுதினார்கள். விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் முறையான பயிற்சி இல்லாமல் தாமாகவோ உறவினர், நண்பரிடமோ ஓட்டக் கற்றவர்கள் என்றும், உயிர் போன விபத்துகளில் ஏறக்குறைய பாதியில் மது இருந்தது என்றும் எழுதினார்கள். இயக்கம் முதல் பாதியைத் தலைமேல் தூக்கிவைத்துக்கொண்டது. ஹெல்மெட் பற்றிய பகுதியைத் தலைக்கு வெளியே விட்டுவிட்டது. பயிற்சியைப் பொறுத்தவரை நியாயமாக நடந்துகொண்டது என்றே சொல்ல வேண்டும். இந்தியானாவின் அபேட் சங்கம் பைக் பயிற்சிப் பள்ளிகளையே நடத்துகிறது; ஓட்டிகள் கட்டும் கட்டணத்திலிருந்து பயிற்சிக்கென ஒதுக்கிய நிதியில் மாநில அரசுகள் கைவைக்கும்போதெல்லாம் முதலில் சண்டைக்கு வருபவர்கள் இந்தச் சங்கத்தார்தான்.

சட்டமன்ற வேலையில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம், பார்வைக்கு அற்பமான ஒன்று. அமெரிக்கச் சந்திப்புகள் பலவற்றில் தார்ச்சாலையை அறுத்துக் கம்பிச்சுருளைப் புதைத்திருப்பார்கள். மேலே உலோகம் வந்து நின்றால் சுருளில் மின்காந்த மாற்றம் ஏற்படும், வண்டி வந்திருப்பதை அறிந்து விளக்கு பச்சைக்கு மாறும். காருக்கு இது வேலை செய்யும். பைக்கின் உலோகம் பல நேரம் போதாது. நள்ளிரவில் ஆளில்லாத சந்திப்பில் ஒருவர் பைக்குடன் நிற்கிறார். விளக்கு ஒரு சுற்று போகிறது, இரண்டு சுற்று போகிறது, அவருடைய திசைக்கு மட்டும் பச்சை வரவில்லை. அனுபவசாலிகள் தாரில் தெரியும் அறுத்த கோட்டைக் கண்டுபிடித்து, சக்கரங்களைச் சரியாக அதன்மேல் நிறுத்திப் பார்ப்பார்கள். அதுவும் பலிக்காவிட்டால் மீறிப் போவதா, பின்னால் ஒரு கார் வரும்வரை விடிய விடிய நிற்பதா? இப்படி மாட்டிக்கொண்டவர் நியாயமான நேரம் காத்திருந்து, பாதை காலியாக இருப்பதைப் பார்த்துக் கடந்தால் குற்றமில்லை என்று மினசோட்டா 2002-இல் சட்டம் செய்தது. பின்னர் பல மாநிலங்கள் பின்பற்றின. இல்லினாயில் காத்திருக்க வேண்டியது குறைந்தது 120 நொடி என்று வரையறுத்தார்கள். காருக்காக மட்டும் யோசித்துக் கட்டிய சாலையில் மற்றவர் எப்படிக் கண்ணுக்குத் தெரியாதவராகிறார் என்பதற்கு அந்தக் கம்பிச்சுருளைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

நின்றுகொண்டிருக்கும் கார்களுக்கு நடுவே பைக் நுழைந்து முன்னால் போகலாமா என்பது அடுத்த கேள்வி. சென்னையில் சிக்னலில் நிற்கும் எவருக்கும் இது ஒரு கேள்வியாகவே தோன்றாது. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் அது குற்றம். கலிபோர்னியா மட்டும் நெடுங்காலமாக அதைத் தடை செய்யாமல் விட்டிருந்தது, 2016-இல் சட்டமாகவே ஏற்றது. சட்டம் வருமுன் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் ஏறக்குறைய 6,000 பைக் விபத்துகளை ஆராய்ந்தது. கார்களுக்கு இடையே சென்றுகொண்டிருந்தபோது விபத்தில் சிக்கியவர்களில் தலைக்காயம் 9 சதவீதம், மற்றவர்களில் 17, மரணம் 1.2 சதவீதம், மற்றவர்களில் 3. சுற்றியுள்ள வண்டிகளைவிட மணிக்கு சுமார் 24 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாதவரை இந்த நன்மை நீடித்தது. நெரிசலில் நிற்கும் பைக்கைப் பின்னாலிருந்து வரும் கார் நசுக்கும் ஆபத்து நீங்குவதுதான் இயக்கம் முன்வைத்த முதன்மை வாதம். யூட்டா 2019-இலும் அரிசோனா 2022-இலும் கொலராடோ 2024-இலும், நின்றுவிட்ட வண்டிகளுக்கு இடையே மணிக்கு 24 கிலோமீட்டருக்குள் செல்லலாம் என்று அனுமதித்தன. மொண்டானாவும் மினசோட்டாவும் சற்றே வேறான வரம்புகளுடன் சேர்ந்தன. இங்கே உரிமையும் பாதுகாப்பும் ஒரே சட்டத்தில் சந்திக்கின்றன. ஹெல்மெட் விஷயத்தில் அவை ஒருபோதும் சந்தித்ததில்லை.

ஹெல்மெட் விஷயத்தில் இயக்கத்தின் நிலைப்பாடு இன்றும் இளகவில்லை. 1924-இல் தொடங்கிய அமெரிக்க மோட்டார்சைக்கிள் ஓட்டிகள் சங்கம், எல்லோரும் ஹெல்மெட் அணியுங்கள் என்று பரிந்துரைக்கிறது. வயது வந்தோருக்கு அதைக் கட்டாயமாக்குவதை எதிர்க்கிறது. இந்த நிலைப்பாட்டை என்னால் மரியாதையோடு புரிந்துகொள்ள முடிகிறது, ஏற்க முடியவில்லை. ஹெல்மெட் இறப்பை ஓட்டிகளில் சுமார் 37 சதவீதம் தடுக்கிறது என்பது அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு முகமையின் மதிப்பீடு. அதே முகமை மாநிலச் சட்டமன்றங்களிடம் போய் ஹெல்மெட் சட்டத்துக்கு ஆதரவு திரட்டுவதற்கு 1998-ஆம் ஆண்டின் சட்டம் முட்டுக்கட்டை போட்டது. பைக்குகளை மட்டும் நிறுத்திச் சோதிக்கும் சாவடிகளுக்கு மத்திய நிதி தரக் கூடாது என்று 2015-இல் இன்னொரு சட்டம் சொன்னது. இரண்டும் இயக்கத்தின் வெற்றிகள். இரண்டாவது நியாயமானது, காரை விட்டு பைக்கை மட்டும் மறிப்பதற்குக் காரணம் கிடையாது. முதலாவது, ஆதாரம் தெரிந்தவரின் வாயைக் கட்டியது.

2023-இல் அமெரிக்காவில் பைக் விபத்தில் இறந்தவர்கள் 6,335 பேர். 1975-இல் கணக்கெடுப்பு தொடங்கியதிலிருந்து இதுவே உச்சம். சாலை மரணங்களில் 15 சதவீதம். ஓடும் தூரத்துக்கு வகுத்தால், காரில் செல்பவரைவிட பைக்கில் செல்பவர் இறக்கும் வாய்ப்பு சுமார் 28 மடங்கு. இறந்த ஓட்டிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் சட்ட வரம்பை மீறி மது அருந்தியிருந்தார் என்பதைச் சங்கங்களின் துண்டறிக்கைகள் தாழ்ந்த குரலில்தான் சொல்கின்றன.

இப்போது சண்டை காருக்குள் இருக்கும் மென்பொருளோடு. 2029 செப்டம்பருக்குள் எல்லாப் புதிய கார்களிலும் மோதலைத் தாமாகவே உணர்ந்து பிரேக் போடும் கருவி இருக்க வேண்டும் என்று 2024-இல் அமெரிக்க அரசு விதி வகுத்தது. முன்னால் செல்லும் வண்டியையும், இரவிலும் பகலிலும் குறுக்கே வரும் பாதசாரியையும் அது கண்டுகொள்ள வேண்டும். பைக்கைக் கண்டுகொள்வதை விதி கட்டாயமாக்கவில்லை. விதி முன்வரைவு நிலையில் இருந்தபோதே ஓட்டிகளின் சங்கங்கள் இதைச் சுட்டிக்காட்டிக் கேட்டிருந்தன. அதே ஆண்டு காப்பீட்டு நிறுவனங்களின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் கழகம் தன் சோதனையில் பைக்கின் உருவப் பொம்மையையும் சேர்த்து 10 சிறிய எஸ்யூவிகளை ஓட்டிப் பார்த்தது. ‘நன்று’ என்ற மதிப்பெண் ஒன்றுக்குத்தான் கிடைத்தது.